அந்தக் கிளிக்குத் தீனி வைப்பது யார்?

ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை. அதற்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிளி. மந்திரவாதியின் உயிர் அந்தக் கிளியிடம். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து என்னை விடாத கேள்வி ஒன்றுதான்: கிளிக்குத் தினமும் தீனி வைப்பது யார்?

வேலைக்காரனை அனுப்ப முடியாது. அவன் கோபத்தில் ஒருநாள் கழுத்தைத் திருகினால் தீர்ந்தது. ஆக, மந்திரவாதியேதான் போக வேண்டும். இளவரசியை மிரட்டுவதற்கு முன்னால் ஏழு கடல் கடந்து, பழம் நறுக்கி வைத்து, தண்ணீர் மாற்றி, கூண்டின் அடியைச் சுரண்டிக் கழுவிவிட்டுத் திரும்ப வேண்டும். பறவைகள் உடம்பு சரியில்லை என்பதைக் கடைசிவரை வெளியே காட்டாது. அதனால் தினமும் எச்சத்தின் நிறத்தைக் குனிந்து பார்த்திருப்பான். இறகு உப்பியிருந்தால் அன்றைக்கு ஊரை எரிக்கும் வேலை ஒத்திப்போயிருக்கும்.

பச்சைக்கிளியை நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் வாழும். முந்நூறு வயது மந்திரவாதி என்றால் குறைந்தது பத்துக் கிளிகளை வளர்த்திருப்பான். ஒவ்வொரு கிளிக்கும் வயதாகும்போது உயிரைப் புதுக் குஞ்சுக்கு மாற்றியாக வேண்டும். பழைய கிளியை என்ன செய்திருப்பான்? கடைசிவரை வைத்துப் பார்த்திருப்பான் என்றே நான் நம்புகிறேன்.

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் கஷ்சேய்க்கு இந்த வேலை இல்லை. அவன் சாவு ஊசி முனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். தீனிச் செலவு மிச்சம், ஆனால் பெட்டியைச் சரியாகப் பூட்டினோமா என்று நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பான். அதே ஊர்க் கதைகளின் சூனியக்காரி பாபா யாகா உரலில் ஏறி, உலக்கையால் உந்திக்கொண்டு பறப்பாள். வந்த தடத்தைத் துடைப்பத்தால் கூட்டி அழித்துக்கொண்டே போவாள். பறக்கும்போதும் கூட்டுகிறவள்! அவள் வீட்டில் மாட்டிய பெண்ணுக்குக் கிடைக்கும் தண்டனையும் வீட்டு வேலைதான். கூட்டு, சமை, துணி துவை, தானியம் பொறுக்கு. எனக்கு அவளிடம் நிஜமாகவே பயம் உண்டு.

இருட்டுக் கோட்டையில் சும்மா உட்கார்ந்து உரக்கச் சிரிக்கும் வில்லன்களிடம் எனக்கு அந்தப் பயம் வருவதில்லை. அத்தனை பந்தங்களையும் யார் ஏற்றினார்கள், அவன் எப்போது சாப்பிட்டான் என்று யோசிப்பதிலேயே கவனம் போய்விடுகிறது. 1954இல் வெளிவரத் தொடங்கிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தன் பெருங்கதையில் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் இதை யோசித்திருக்கிறார். அதன் வில்லன் சௌரோன் ஆளும் மோர்தோர் நாட்டின் தெற்கே, நூர்னென் ஏரியை ஒட்டி, அடிமைகள் உழுகிற வயல்கள் இருப்பதாகப் போகிறபோக்கில் சொல்கிறார். அந்த இடத்தைப் படித்த பிறகு சௌரோன் எனக்கு வெறும் நெருப்புக் கண் இல்லை. மழை வருமா, படைக்கு மூட்டை காணுமா என்று கணக்குப் பார்க்கிற முதலாளி. அப்படி ஒருவனிடமிருந்து தப்பிப்பது கஷ்டம்.

சரி, கிளிக்கே வருகிறேன். கிளி பேசும். அந்தக் குகையில் அது கேட்டு வளர்ந்த ஒரே குரல் மந்திரவாதியுடையது. தினமும் தட்டை வைத்துவிட்டு அவன் அதனிடம் என்ன சொல்லியிருப்பான்? இளவரசன் வாளோடு உள்ளே வந்து கூண்டைத் திறக்கும்போது, அது தலையைச் சாய்த்து, அதே கரகரத்த குரலில், "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டிருக்கும்.