ஒழுகாத மாடியும் உளுத்துப்போகும்

‘மழைக்கு ஒழுகவில்லையா? அப்படியானால் மாடிக்கு ஒன்றுமில்லை, ஆள் வைத்துச் சோதிப்பது தண்டச் செலவு, வெள்ளைப் பூச்சு அடித்தால் போதும்’ என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். ராமநாதபுரம் கடலோரத்தில், மண்டபம், கீழக்கரை ஊர்கள் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது.

இங்கே மழையைவிடப் பெரிய எதிரி உப்பு. கடற்காற்றிலுள்ள உப்பின் ஒரு கூறான குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும்; கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. கலவையை உவர்நீரில் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456.

எங்கள் மாடி ஒரு சொட்டுக்கூட ஒழுகியதில்லை. போன புரட்டாசியில் வந்த பொறியாளர், சின்னச் சுத்தியலால் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனார். ‘டங், டங்’ என்று வந்த சத்தம் மின்விசிறிக் கொக்கியருகே ‘பொத்’தென்று மாறியது. பூச்சைப் பெயர்த்தால், சுண்டுவிரல் கனக் கம்பி ஈர்க்குச்சியாய் மெலிந்து கிடந்தது. அந்த விசிறிக்குக் கீழேதான் இத்தனை வருடம் தூங்கினேன்!

அந்த அண்ணன் சொல்லும் வெள்ளைப் பூச்சு வெயிலைத் தணிக்கும், மறுக்கவில்லை. உள்ளே ஏறிய துருவை அது நிறுத்தாது. ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.