ஒரு பிளக் பாயின்ட்

மணி பத்தே முக்கால். வீட்டிலிருந்து மூணு கிலோமீட்டர் தள்ளி ஒரு சார்ஜிங் ஸ்டேஷனில், காருக்குள்ளேயே உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி 41 சதவீதம். இந்த நேரத்தில் எனக்கு இங்கே என்ன வேலை என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் பதிவுகளைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரே வரி: என் எலெக்ட்ரிக் காருக்கு சார்ஜ் போட எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் வைத்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அனுமதி கேட்டேன், மறுத்துவிட்டார்கள். முழுக்கத் திரும்ப எழுதினால் எனக்கு பிபி ஏறும்.

வேண்டாம் என்று பதினாலு பேர் கை தூக்கினார்கள். நான் என்ன மொட்டைமாடியில் செல்போன் டவரா வைக்கக் கேட்டேன்? ஒரு பிளக் பாயின்ட் கேட்டேன். பதினாறு ஆம்ப். உங்கள் எல்லார் வீட்டு கீசருக்கும் இருக்கிற அதே பிளக் பாயின்ட்.

அதுவும் சங்கத்துக் காசில் இல்லை, காமன் மீட்டரில் இல்லை. இதை எத்தனை தடவை சொல்வது! தரைத்தளத்தில் மீட்டர் போர்டு. அங்கிருந்து என் பார்க்கிங் பதினெட்டு அடி. என் வீட்டு மீட்டரிலிருந்து, என் செலவில், தனி ஒயர், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்), ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்), எர்த். எலக்ட்ரீஷியன் வந்து டேப் பிடித்துப் பார்த்துவிட்டு "அரை நாள் வேலை சார்" என்றார். கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசியது ஒன்றே முக்கால் மணி நேரம். நடுவில் சமோசா வேறு.

இத்தனை நாள் ஆபீஸில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸ் இடம் மாறியது, புது இடத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் கேட்டேன். இல்லாவிட்டால் இவர்களிடம் கேட்டிருக்கவே மாட்டேன்.

"சேஃப்டி" என்றார்கள். சரி, பேசுவோம். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜ் போட்ட பேட்டரி ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அதை நான் மறக்கவில்லை, கேலியும் செய்ய மாட்டேன். அந்த வருஷம் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகுதான் பேட்டரி சோதனை விதிகளை இறுக்கினார்கள், டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக அமலுக்கு வந்தது. பயம் நியாயம்தான். அதற்காகத்தானே தனி எம்சிபி, தனி எர்த் என்று நாய் மாதிரி கத்துகிறேன்! முறையாக ஒரு பாயின்ட் போட்டால் ஆபத்து. நாளைக்கு எவனாவது மூணாவது மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிட்டால் அது பரவாயில்லையா?

நம் பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இரண்டு கேன் நிறைய டீசல் இருக்கிறது. ஒரு கேனுக்கு மூடியே கிடையாது, பாலிதீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் அங்கேதான் பீடி பிடிப்பார். அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலாவது யாராவது வாய் திறந்ததுண்டா? அது குலதெய்வம். என் கார்தான் குண்டு.

சட்டமும் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. வீட்டிலும் ஆபீஸிலும் இருக்கிற மின் இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022லேயே வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. புதுக் கட்டடங்களில் இருபது சதவீத பார்க்கிங்குக்கு சார்ஜிங் ஏற்பாடு வேண்டும் என்று 2019லேயே மாதிரி கட்டட விதிகளில் சேர்த்துவிட்டார்கள். நம்முடையது 2011ல் கட்டியது, அதனால் அந்தக் கட்டாயம் நமக்கில்லை, ஆனால் தடையும் இல்லை. பிரிண்ட் எடுத்துப் போனேன். செயலாளர் அதைப் படிக்காமல் மடித்து விசிறிக்கொண்டார்.

"லோடு தாங்குமா?" என்று கேட்டார் ஒருவர். கேட்க வேண்டிய கேள்விதான். தாங்கும். அடுத்தது.

ஒரு பிளக்குக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்களுக்குக் கணக்கு சொல்கிறேன். என் காரில் இருப்பது 24 யூனிட் பேட்டரி. விற்கும்போது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் என்றார்கள். ஏசி போட்டு, சென்னை டிராஃபிக்கில், இருநூறு வந்தால் அன்றைக்கு நல்ல நாள். வீட்டில் போட்டால், இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் மாறி, யூனிட் எட்டு ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய்க்குள் அடங்கும். இங்கே, நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில், யூனிட் இருபது ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிலோமீட்டருக்கு மூணு ரூபாயை நெருங்கிவிடுகிறது. கூடவே என் தூக்கம்.

அதாவது எலெக்ட்ரிக் கார் லாபம் என்பது காரில் இல்லை, வீட்டு வாசலில் இருக்கிறது. சொந்த கேட், சொந்த போர்ட்டிகோ இருக்கிறவனுக்கு ராத்திரி பத்துக்குச் சொருகினால் காலை ஏழுக்கு ஃபுல். ஃப்ளாட்டில் இருக்கிறவனுக்கு? ஷோரூமில் இதை எவனும் சொல்லவில்லை. "சார்ஜர் ஃப்ரீ சார்" என்றான். சுவரை யார் தருவார் என்று நானும் கேட்கத் தவறிவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து 2019லேயே ஹூண்டாயின் கோனா எலெக்ட்ரிக் கார் வந்தது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட்டின் எலெக்ட்ரிக் கார் ஆலையை அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் திறந்துவைத்தார். எலெக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி ஐந்தே சதவீதம். நான் வண்டி எடுத்தபோது ரோடு டாக்ஸ் பூஜ்யம். செய்வோம், விற்போம், வரி விடுவோம். சொருக மட்டும் இடம் கிடையாது.

இப்போது என் மனைவியின் அண்ணன் வருவார் கமென்ட்டுக்கு. "அப்பவே சொன்னேன் மாப்ளே, ஹைபிரிட் எடுங்கன்னு." வாங்க மச்சான். அவர் வைத்திருப்பது ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த கார். தன் பேட்டரியைத் தானே நிரப்பிக்கொள்ளும், யாரிடமும் பிளக் கேட்டு நிற்க வேண்டாம். டிராஃபிக்கில் லிட்டருக்கு இருபதுக்கு மேல் தருகிறது என்று போன் பண்ணிச் சொல்வார், நான் கேட்காமலே.

அவரைத் திட்ட மனசு வரவில்லை. பொங்கலுக்குத் திருச்சி போனோம். விக்கிரவாண்டி தாண்டி ஒரு ஹோட்டலில் சார்ஜர் இருப்பதாக ஆப் காட்டியது. இருந்தது. அதன் முன்னால் ஒரு டீசல் எஸ்யூவி நின்றது. உள்ளே போய்த் தேடிப்பிடித்தால், "நெய் ரோஸ்ட் சொல்லிருக்கேன் சார், சாப்ட்டு வந்து எடுக்கறேன்" என்கிறார். ரோஸ்ட்டுக்குப் பிறகு காபி. காபிக்குப் பிறகு போன் கால். என் பெண் பின்சீட்டில் "இன்னும் எவ்ளோ பர்சன்ட்ப்பா?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். மச்சான் அதற்குள் சமயபுரம் டோல்கேட்டிலிருந்து செல்ஃபி அனுப்பிவிட்டார்.

ஆனால் அவருக்கும் பட்டை நாமம்தான். பெட்ரோலைக் குறைக்கிற காருக்கு 43 சதவீத வரி கட்டி வாங்கினார். 2025 செப்டம்பர் 22 முதல் குறைத்துவிட்டோம் என்கிறார்கள், அந்த அளவு காருக்கு 40. அதே நீளத்து வெறும் பெட்ரோல் காருக்கும் 40தான். அப்புறம் எவன் கூடுதல் காசு கொடுத்து ஹைபிரிட் வாங்குவான்? சின்ன பேட்டரியை வைத்து இன்ஜினுக்கு லேசாகக் கை கொடுக்கிற காரையும் ஹைபிரிட் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்களே, அதை நம்பி வாங்கியவர்கள் தனிக் கதை. எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்டது ஒரு பிளக் பாயின்ட்.

"கரன்ட் நிலக்கரியிலதானே வருது, என்ன பெரிய சுற்றுச்சூழல்?" ஐயா, நான் சுற்றுச்சூழலுக்காக வாங்கவே இல்லை. பெட்ரோல் நூறு ரூபாய் ஆனதால் வாங்கினேன். "ரீசேல் வேல்யூ?" அதை நினைத்தால் எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது, விடுங்கள். "கார் வாங்கக் காசு இருக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு கவலையா?" ஏழு வருஷ லோன் சார். இன்னும் நாலரை வருஷம் பாக்கி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இரண்டாவது மாடி மாமா கை தூக்கினார் பாருங்கள், அதுதான். போன மார்கழியில் விடியற்காலை நாலு மணிக்கு ஆட்டோ கிடைக்கவில்லை என்று கதவைத் தட்டினார். லுங்கியோடு எழும்பூருக்குக் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க "சத்தமே இல்லையே தம்பி, ரதம் மாதிரி போகுதே" என்று டேஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தார். இறங்கும்போது "வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கற மாதிரி செஞ்சுக்கோ, சௌகரியம்" என்று சொன்னதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை என் முகத்தைப் பார்க்காமல் கை தூக்கினார். ராத்திரி குரூப்பில் "சேஃப்டி ஃபர்ஸ்ட்", பக்கத்தில் மூணு கும்பிடு.

நான் ஒன்றும் பதில் போடவில்லை. நாளைக்கு அவருக்கு ரயில் என்றால் போவேனா மாட்டேனா என்று என் மனைவி கேட்கிறாள். அதற்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.

79 ஆகிவிட்டது. பின்னால் ஒரு கால்டாக்ஸி தம்பி பத்து நிமிஷமாகக் காத்திருக்கிறான், பாவம், ஹாரன்கூட அடிக்கவில்லை. கேபிளைக் கழற்றுகிறேன்.