குரங்கும் ஸ்பேனரும்

மவுஸால் சுட்டிச் சொடுக்கிப் பொருள்களைச் சேர்த்துப் புதிர் அவிழ்க்கும் பழைய ‘பாயிண்ட் அண்ட் கிளிக்’ கணினி விளையாட்டுகளின் புதிர்கள் ஆடுபவரை வதைப்பதற்கென்றே வைக்கப்பட்டவை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் ஏற்கிறேன்.

வதை உண்டு. ‘மங்கி ஐலண்ட் 2’ (1991) விளையாட்டில் அருவியை நிறுத்த வேண்டும். மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்கை, தாளம் காட்ட ஊசல்போல் ஆடும் மெட்ரோனோமில் வாழைப்பழத்தை மாட்டி மயக்கி, விறைத்துப்போன குரங்கைத் தூக்கிவந்து, அதையே திருகுகோலாக்கி அருவியின் பம்ப்பைத் திருக வேண்டும்! ஆங்கிலத்தில் ‘மங்கி ரெஞ்ச்’ (மங்கி என்றால் குரங்கு) என்றொரு திருகும் கருவியின் பெயர் தெரிந்தால்தான் இது பிடிபடும். கடலூர் முதுநகரில் எங்கள் மாமாவின் பட்டறையில் அதற்கு ஸ்பேனர் என்றுதான் பெயர். நானும் அண்ணனும் மூன்று வாரம் முட்டி மோதினோம். கட்டம் போட்ட நோட்டில் எந்தப் பொருளை எதன்மேல் முயன்றோம் என்று பதினோரு பக்கம் எழுதியிருந்தோம். மொழிச் சிலேடையைப் புதிராக வைத்தது அநியாயம், இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அதே தொடரின் முதல் பாகத்தில் (1990) வாள்சண்டையை வாயால் வெல்ல வேண்டும். கடற்கொள்ளையர்களிடம் திட்டு வாங்கித்தான் வசவுகளைக் கற்க முடியும்; அவற்றை மற்றவர்கள்மேல் ஏவினால்தான் பதிலடிகள் தெரியவரும். கடைசியில் வாள்வீராங்கனையிடம் போனால் அவள் வசவுகள் எல்லாம் புதியவை. கற்ற பழைய பதில்களையே அவற்றுக்குப் பொருத்த வேண்டும். எவ்வளவு அழகான யோசனை! அந்த விளையாட்டை உருவாக்கிய ரான் கில்பர்ட், முன்பு எடுக்கத் தவறிய ஒரு பொருளால் பின்னால் வழி அடைபடக் கூடாது என்று 1989இலேயே கட்டுரை எழுதியவர்.

இப்போது, பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் ஸ்கம்விஎம் மென்பொருளில் மகளுடன் இவற்றை ஆடுகிறேன். அந்த நோட்டை அவளுக்குக் காட்டவில்லை.