மனைவி பக்கமும் பேசுகிற சுயசரிதை நாவல்

சுயசரிதை நாவல் என்றாலே 'எவ்வளவு துணிச்சலாகத் தன்னைத் திறந்து காட்டியிருக்கிறார்' என்று புகழ ஆரம்பித்துவிடுகிறோம். எனக்கு இந்தத் துணிச்சல் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 1907இல் எழுத்தாளர் தாயாமா காதாயின் 'ஃபுத்தோன்' என்ற கதை வந்ததிலிருந்து ஜப்பானில் பலர் அப்படித் திறந்து காட்டினார்கள். அதில் வரும் எழுத்தாளன், ஊருக்குப் போய்விட்ட மாணவியின் படுக்கையில் முகம் புதைத்து அழுவான். அழட்டும், ஆனால் வீட்டிலிருக்கும் அவன் மனைவிக்கு என்ன தோன்றியது என்று அந்தக் கதை எங்கே நின்று கேட்டது?

இன்னொரு ஜப்பானிய எழுத்தாளரான நட்சுமே சோசெக்கியின் 'மிச்சிகுசா' நாவல் வேறு ஜாதி. 1915இல் அசாஹி நாளிதழில் தொடராக வந்தது, அவர் எழுதி முடித்த கடைசி நாவல் அதுதான். அடுத்த வருஷம் டிசம்பரில் இறந்துவிட்டார். தலைப்புக்கு வழியோரப் புல் என்று அர்த்தம், போகிற வழியில் குதிரை மேய நின்றுவிடுமே, அந்தப் புல்.

லண்டனில் படித்துவிட்டு வந்த சோசெக்கிதான் இதில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய கென்சோ. ஒரு மழை நாளில் தெருவில் தொப்பியில்லாத ஒரு கிழவரைப் பார்க்கிறான். சின்ன வயதில் இவனைத் தத்தெடுத்து வளர்த்த ஷிமாடா. அப்புறம் அவர் இவன் வீட்டுக்கே வந்து பணம் கேட்க ஆரம்பிக்கிறார். அந்த வளர்ப்புப் பெற்றோர் ராத்திரியில் கணப்புச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்து, 'உன் அப்பா யார், அம்மா யார்' என்று பையனைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவன் தங்களைக் கை காட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. பாசம் மாதிரியே இருக்கும், உள்ளே கணக்கு ஓடும். சோசெக்கியும் அப்படித் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைதான். 1888இல் அவர் பெயரைப் பிறந்த வீட்டுப் பதிவேட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர, பெற்ற அப்பா 240 யென் கொடுக்கவேண்டியிருந்தது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மனைவி ஓசுமிதான். கென்சோ படித்த திமிர் பிடித்தவன், பாசத்தைக் காட்டத் தெரியாதவன். சோசெக்கி அவனுக்கு வக்காலத்து வாங்கவே இல்லை. அவன் மனைவியைக் குறை சொன்ன கையோடு, அதே சண்டை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றும் எழுதிவிடுகிறார். இவ்வளவு கசப்புக்கு நடுவில், அவளுக்கு நோய் வந்து ராத்திரியில் எழுந்து எங்காவது போய்விடுவாளோ என்று பயந்து, தன் இடுப்புக் கச்சையையும் அவளுடையதையும் ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு தூங்குகிறான். மருத்துவச்சி வருவதற்குள் குழந்தை பிறந்துவிடுகிறது. மங்கலான வெளிச்சத்தில் தடவுகிறவன் கையில் கடல்பாசி ஜெல்லி மாதிரி ஏதோ படுகிறது, என்ன செய்வது என்று தெரியாமல் அதன்மேல் பஞ்சை அள்ளி அள்ளிப் போடுகிறான்.

கடைசியில் ஷிமாடாவுக்கு 100 யென் கொடுத்து, உறவு முறிந்தது என்று எழுதி வாங்குகிறார்கள். அப்பாடா, தீர்ந்தது என்கிறாள் ஓசுமி. உலகத்தில் அநேகமாக எதுவும் தீராது, நடந்தது வேறு வேறு உருவத்தில் தொடர்ந்துகொண்டேதான் இருக்கும் என்று கென்சோ கசப்போடு தத்துவம் பேசுகிறான். கடைசி வார்த்தையை சோசெக்கி அவனுக்குத் தரவில்லை. ஓசுமி குழந்தையைத் தூக்கி, 'அப்பா சொல்றது ஒண்ணுமே புரியலைல்ல' என்று கொஞ்சி, அதன் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறாள்.