ரெண்டு மூவ்தானே, லேசாம்!

செஸ்ஸில் மேட் புதிர்களுக்கு ஆரம்பம், இடை, உயர் என்று நிலை பிரிக்கிறவர்களைப் பிடித்து, அவர்கள் கொடுக்கிற தாளை அவர்களையே செய்ய வைக்க வேண்டும் போலிருக்கிறது. அக்காவின் மகள் தரம் 4. கல்லடியில் ஒரு செஸ் வகுப்புக்கு இப்போதுதான் போகத் தொடங்கியிருக்கிறாள். போன சனிக்கிழமை ஒரு போட்டோ கொப்பியோடு வந்தாள். மேலே கொட்டை எழுத்தில் ‘ஆரம்ப நிலை’. கீழே எல்லாம் ரெண்டு மூவில் மேட், அதாவது நம் காயை ரெண்டே தடவை நகர்த்தி எதிரி ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்க வேண்டும். சேர் சொன்னாராம், “ரெண்டு மூவ்தானே, லேசு. வீட்டில செஞ்சிட்டு வாங்க.”

லேசாம்! பின்னேரம் முழுக்கப் பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “மாமா, எனக்கு மூளை இல்லையா?” என்று கேட்கிறது பிள்ளை. எனக்கு வந்த கொதிப்பைச் சொல்லி முடியாது.

அந்த வகுப்பின் கணக்கு இப்படி: ரெண்டு மூவ் வரைக்கும் ஆரம்ப நிலை, மூன்று இடைநிலை, நாலுக்கு மேல் உயர்நிலை. வாவியின் அகலத்தை வைத்து ஆழம் சொல்கிற வேலை இது.

மேட் புதிரில் ரெண்டு சாதி இருக்கிறது. ஒன்று, உண்மையான ஆட்டத்தில் வந்த நிலை. பெரும்பாலும் ராஜாவை நேரே தாக்கி செக், செக், செக் என்று துரத்திப் போய் முடியும். மற்றது, புதிர்க்காரர்கள் மாதக்கணக்கில் யோசித்துக் கட்டியது. அதில் முதல் மூவ் அநேகமாக செக்காக இருக்காது. சத்தமில்லாமல் ஒரு காயை நகர்த்திவிட்டு விடுவார்கள். அதற்குப் பிறகு கறுப்பு எதை ஆடினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மேட். அமெரிக்காவின் சாம் லொயிட் 19ஆம் நூற்றாண்டில் இப்படிப் புதிர் கட்டியே பேர் எடுத்தவர். பெரிய ஆட்களையே தலை சொறிய வைத்த வகையைத்தான் கோட்டை எப்படிப் போகும் என்று இப்போதுதான் பிடிபட்ட பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

மூன்றே காயில் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள். கட்டங்களுக்குப் பேர் வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் எச், கீழிருந்து மேலாக 1 முதல் 8. வெள்ளை ராஜா எஃப்6, வெள்ளைக் கோட்டை ஜி1, கறுப்பு ராஜா எச்8 மூலையில். வெள்ளை ஆடி ரெண்டு மூவில் மேட். புதிதாகப் படிக்கிற எந்தப் பிள்ளையும் கோட்டையை எச்1க்குத் தள்ளி செக் வைக்கும். ராஜா ஜி8க்கு நழுவிவிடும், கதை முடிந்தது. சரியான விடை ராஜாவை எஃப்7க்கு வைப்பது. செக்கே இல்லை. ஆனால் கறுப்பு ராஜாவுக்கு எச்7ஐத் தவிர போக இடமில்லை. போனதும் கோட்டை எச்1, மேட். செக் வைக்காமலும் ஒருவனை மூலையில் முடக்கலாம் என்று யாராவது ஒருநாள் பலகையில் வைத்துக் காட்டினால்தானே பிள்ளைக்கு அது தோன்றும்? தாளைக் கையில் திணித்தால் எப்படித் தோன்றும்?

இனி அவர்கள் ‘இடைநிலை’ என்று ஒதுக்கி வைத்திருக்கிற மூன்று மூவுக்கு வருவோம். கறுப்பு ராஜா ஜி8இல் நிற்க, வெள்ளைக் குதிரை எச்6இல் வந்து, குதிரையும் ராணியும் சேர்ந்து இரட்டைச் செக். ராஜா எச்8 மூலைக்கு ஒதுங்கினால் ராணியை ஜி8இல் கொண்டுபோய்ப் பலி கொடுக்கிறோம். குதிரை காவல் என்பதால் ராஜா வெட்ட முடியாது, கோட்டைதான் வெட்ட வேண்டும். தன் ஆட்களே நாலு பக்கமும் அடைத்து நிற்க, குதிரை எஃப்7, மேட். 1497இல் வந்த ஸ்பானியர் லூசேனாவின் செஸ் நூலிலேயே இந்த மேட் இருக்கிறது. ஒருமுறை காட்டினால் எட்டு வயசுப் பிள்ளை சாகும் வரைக்கும் மறக்காது, ராணியைக் கொடுக்கிற இடத்தில் கைதட்டிச் சிரிக்கும். மூவ் மூன்று, ஆனால் ஒவ்வொன்றும் கட்டாயம். அந்த ரெண்டு மூவ் புதிரைவிட இது எத்தனையோ லேசு.

ஹங்கேரியின் லாஸ்லோ போல்கார், மூன்று மகள்மாரையும் உலகத் தரத்துக்குக் கொண்டுவந்த மனிசன், 5334 பலகை நிலைகளை ஒரே புத்தகமாகத் தொகுத்து வைத்திருக்கிறார். முதல் 306உம் ஒரே மூவ் மேட். மறுகாத்தான் ரெண்டு மூவ், அது மட்டும் 3412. ஒரே பேரில் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தால் அத்தனையும் ஒரே கனமாகவா இருக்கும்? இவர்கள் எங்கோ நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து கொப்பி அடித்து ‘ஆரம்ப நிலை’ என்று தலைப்புப் போடுகிறார்கள். தாங்கள் ஒருதரம் செய்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் காசும் தேவையில்லை. லிச்செஸ் என்ற செஸ் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. அங்கே புதிருக்கும் ஆட்டக்காரனைப் போல ஒரு ரேட்டிங், அதாவது பலத்தைக் காட்டுகிற புள்ளி, உண்டு. நாம் தோற்றால் புதிரின் ரேட்டிங் ஏறும், வென்றால் இறங்கும். எது லேசு, எது கஷ்டம் என்பதைச் செய்து பார்த்த சனமே முடிவு செய்கிறது. ‘கடினம்’, ‘லேசு’ என்று ஐந்து படி வேறு இருக்கிறது, பிள்ளைக்குத் தக்க படியை எடுத்துக் கொடுக்கலாம். ஒரு மூவ் மேட்டை மட்டும் தனியாகவும் எடுக்கலாம். போனில் தட்டினால் வருகிற விஷயம் இது.

பெற்றோர் மட்டும் சும்மாவா? அந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு இரவே விடைகள் வந்து விழுகின்றன, “எங்கட மகன் பத்து நிமிசத்தில முடிச்சிட்டான்” என்ற பெருமையோடு. ஸ்டொக்ஃபிஷ் என்ற செஸ் கணினி நிரலில் போட்டால் பத்து நிமிசம் எதற்கு, ஒரு செக்கன் போதுமே! அதைப் பார்த்துவிட்டுத்தான் சேரும் தாள் பிள்ளைகளுக்கு அளவாக இருக்கிறது என்று நினைக்கிறார். உண்மையாக இருந்து முயன்ற பிள்ளைதான் கடைசியில் மக்குப் பிள்ளை.

படங்களின் கோலத்தைச் சொல்லவே வேண்டாம். கொப்பிக்கு மேல் கொப்பி எடுத்துக் கறுப்புக் கட்டமும் கறுப்புக் காயும் ஒன்றாகிவிட்டன. ஒன்றில் அது ராணியா ராஜாவா என்று அக்காவும் நானும் சண்டை. சிப்பாய் மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதற்கும் அடையாளம் இல்லை. ஓரத்தில் எழுத்தும் இலக்கமும் போடவில்லை, யாருடைய ஆட்டம் என்றும் இல்லை. நிலை பிரிக்கிற அறிவை விடுங்கள் சேர், ‘வெள்ளையின் ஆட்டம்’ என்று படத்துக்குக் கீழே எழுத எவ்வளவு மை போகும்? வருகிற சனிக்கிழமைத் தாளில் அதையாவது எழுதி அனுப்புங்கள்.