முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாம்

பிரிட்டிஷ் கடற்படையின் பவுண்டி கப்பலில் நடந்த கலகம் என்றாலே கேப்டன் பிளை கொடுங்கோலனா, அவரை எதிர்த்துக் கலகத்துக்குத் தலைமை தாங்கிய பிளெட்சர் கிறிஸ்டியன் நாயகனா என்ற பட்டிமன்றம்தான். எனக்கு இருவர் மேலும் பெரிய ஆர்வமில்லை. என் ஆள் ஜேம்ஸ் மாரிசன்.

நம் பழைய மரக்கலங்களில் தண்டையல் என்பார்களே, பவுண்டியில் அவருக்குக் கிட்டத்தட்ட அந்த வேலை. பாய், கயிறு, ஆட்களை விரட்டுவது. கேப்டன் உத்தரவிட்டால் சக மாலுமியின் முதுகில் சாட்டை வீசுவதும் அதில் அடக்கம்.

1789 ஏப்ரல் 28 விடியற்காலை கலகக்காரர்கள் பிளையையும் 18 பேரையும் 23 அடிப் படகொன்றில் இறக்கிவிட்டார்கள். படகின் விளிம்புக்கும் கடலுக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. மாரிசன் கப்பலிலேயே தங்கிவிட்டார். விரும்பியா, இடமில்லாமலா? பின்னால் அவர்மீது நடந்த வழக்கின் கேள்வியே இதுதான்.

1791இல் கலகக்காரர்களைத் தேடித் தாஹிதித் தீவுக்கு வந்த பண்டோரா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், மாரிசன் உட்பட அங்கிருந்த பவுண்டி ஆட்கள் 14 பேரையும் விலங்கிட்டு, மேல்தளத்தில் 11 அடிக்கு 18 அடிப் பெட்டிக்குள் அடைத்தது. வியர்வை ஓடையாக வழிந்தது என்று மாரிசனே எழுதி வைத்திருக்கிறார். ஆகஸ்டில் கப்பல் ஆஸ்திரேலியப் பவளப்பாறையில் மோதி மூழ்கும்போதும் கைதிகள் பெட்டிக்குள்தான். தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தவர் வில்லியம் மோல்ட்டர். அவரும் ஒரு தண்டையல்தான்! அப்படியும் நான்கு கைதிகள் மாண்டார்கள். கரையேறிய மணல்திட்டில் கைதிகளுக்குக் கூடாரம் மறுக்கப்பட்டது. வெயில் தாங்காமல் கழுத்தளவு மணலில் தங்களையே புதைத்துக்கொண்டார்கள்.

1792 செப்டம்பரில் போர்ட்ஸ்மவுத்தில் விசாரணை. பவுண்டியில் இருந்த ஹேவர்ட் என்ற அதிகாரி, கலகத்தன்று மாரிசனின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்று சாட்சி சொன்னார். மூன்று வருடத்துக்கு முந்தைய முகம்! கூச்சல், கத்தி, துப்பாக்கிகளுக்கு நடுவில், தன் உயிரே ஊசலாடும்போது அடுத்தவன் முகத்தை ஆராய எவருக்கு நேரமிருந்திருக்கும்? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வழக்கறிஞரைப்போல மாரிசனே குறுக்கு விசாரணை செய்தும் மரண தண்டனைதான். கூடவே கருணைப் பரிந்துரை. அரசர் மன்னித்தார். வேறு மூவர் தூக்கில் தொங்கினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே கடற்படைக்குத்தான் திரும்பினார். ‘கலகக்காரர்’ என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

1807 ஜனவரியில் பிளென்ஹைம் கப்பலின் பீரங்கிப் பொறுப்பாளராக அவர் புறப்பட்டது எங்கிருந்து தெரியுமா? நம் மதராஸிலிருந்து. கப்பல் ஓட்டை உடைசல். கடலுக்குத் தாங்காது என்ற எச்சரிக்கையை அட்மிரல் ட்ரூப்ரிட்ஜ் காதில் வாங்கவில்லை. இம்முறை யாரும் கலகம் செய்யவில்லை. நன்னம்பிக்கை முனைக்குப் போகும் வழியில், பிப்ரவரிப் புயலில், ஆட்களோடு அப்படியே காணாமல் போனது.