பெட் சவுண்ட்ஸை மோனோவில் கேளுங்கள்

பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை முதல்முறை கேட்கப் போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: மோனோவில் கேளுங்கள். மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்து வருவது; ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று பிரிந்து வருவது. ஸ்ட்ரீமிங் செயலியில் தேடினால் மோனோ, ஸ்டீரியோ இரண்டும் வந்து நிற்கும். சில வெளியீடுகளில் ஒரே ஆல்பத்துக்குள் முதலில் மோனோ பாட்டுகள், பின்னால் அதே பாட்டுகளின் ஸ்டீரியோ என்று சேர்த்தே வைத்திருப்பார்கள். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் மோனோ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். 13 பாட்டு, சுமார் 36 நிமிடம். அவ்வளவுதான்.

"ஸ்டீரியோதானே தெளிவாக இருக்கும், எதற்கு இந்தப் பழைய காலத்துப் பிடிவாதம்?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த நீளப் பதிவு. ஸ்டீரியோ தெளிவாகத்தான் இருக்கும். அந்தத் தெளிவுதான் இந்த ஆல்பத்தைக் கெடுக்கிறது.

ஆர்கெஸ்ட்ரா பாப் என்றதும் நாம் நினைப்பது இதை: ஒரு ராக் குழு பாட்டை வாசித்து முடித்துவிடும், அப்புறம் வாத்திய அமைப்பை எழுதும் யாரோ ஓர் அரேஞ்சர் வந்து மேலே வயலின் கூட்டத்தைப் பரப்புவார். பெட் சவுண்ட்ஸ் அப்படி எழுந்ததல்ல. 1964 டிசம்பரில் விமானத்தில் ஏற்பட்ட பதற்றத்துக்குப் பிறகு பாட்டுகளை உருவாக்கிய பிரையன் வில்சன், தன் குழுவோடு ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டார். 1966 ஜனவரியில் மற்றவர்கள் ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருக்க, இவர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களைக் கூட்டிவைத்துப் பதிவைத் தொடங்கினார். டிரம்ஸில் ஹால் பிளெய்ன், பேஸ் கிடாரில் கேரல் கே, டபுள் பேஸில் லைல் ரிட்ஸ், பியானோவில் டான் ராண்டி. பெரும்பாலான பாட்டுகளுக்கு டோனி ஆஷர் என்ற விளம்பர நிறுவன எழுத்தாளர் வரிகளில் கைகொடுத்தார். ஆல்பம் 1966 மே 16 அன்று வந்தபோது பிரையனுக்கு வயது 23.

பதிவு நடந்த முறையைப் புரிந்துகொண்டால் மோனோ ஏன் என்பது தானாகவே விளங்கிவிடும். டிரம்ஸ், இரண்டு பேஸ், பியானோ, ஆர்கன், கிடார்கள், சாக்ஸபோன்கள், புல்லாங்குழல் எல்லாம் ஒரே அறையில், ஒரே நேரத்தில். டேப்பில் மூன்று அல்லது நான்கு தடங்கள்தான் (தடம் என்றால் தனியாகப் பதிந்து, தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு வரிசை). ஒரு தடத்தில் ஒரு வாத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை; நாலைந்து கருவிகள் ஒரே தடத்தில் ஏறும். ஹார்னுக்கு வைத்த மைக்கில் டிரம்ஸும் கசியும், பியானோவுக்கு வைத்த மைக்கில் கிடாரும் கசியும். இப்போதைய இன்ஜினியர்கள் தடுப்பு வைத்து ஒழிக்கப் பார்க்கும் அந்தக் கசிவுதான் இந்த ஆல்பத்தின் காற்று. ஒரு கருவி ஓங்கிக் கேட்டால் பிற்பாடு ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) இறக்கிக்கொள்ளலாம் என்று விட முடியாது. வாசிப்பவரை மைக்கிலிருந்து தள்ளி உட்காரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாக வாசிக்கச் சொல்ல வேண்டும். பிரையன் கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து டேக் மேல் டேக்காகச் சொல்லிச் சொல்லித் திருத்தியது அதைத்தான்.

அடுத்த படி இன்னும் முக்கியம். அந்த நாலு தடப் பதிவை மோனோவாகக் கலந்து, இன்னொரு டேப்பின் ஒரே தடத்தில் இறக்கிவிடுவார். கொலம்பியா ஸ்டுடியோவின் எட்டுத் தட இயந்திரம் என்றால் மீதி ஏழு தடம். ஆறு பாடகர்களுக்கு ஆறு, கூடுதல் குரலுக்கோ கருவிக்கோ ஒன்று. ஆக, குரல் பதிவு தொடங்கும்போதே வாத்தியப் பகுதி இறுகிப்போய்விட்டது. அக்கார்டியனைக் கொஞ்சம் குறைப்போம் என்று மனசு மாறினால் முதல் டேப்புக்குத் திரும்பி எல்லாவற்றையும் மறுபடி கலக்க வேண்டும். ஒவ்வொரு நகலுக்கும் டேப் இரைச்சல் கூடும், உச்ச ஒலிகள் மங்கும். அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் அவர் கலந்திருக்கிறார். பிரையனுக்குச் சிறு வயதிலிருந்தே வலது காது கிட்டத்தட்டக் கேட்காது என்பதும் சேர்ந்துகொண்டது. அவர் காதில் விழுந்த உலகம் மோனோ.

கேரல் கேயையும் லைல் ரிட்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேஸ் எதற்கு? கேரல் கே பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) வைத்து வாசிப்பார். ஸ்வரத்தின் தொடக்கம் 'டக்' என்று விழும். ரிட்ஸின் டபுள் பேஸில் அந்தக் கூர்மை கிடையாது, ஆனால் அடியில் உருண்டையான கார்வை உண்டு. மோனோவில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்போது காதுக்குக் கிடைப்பது மூன்றாவது ஒரு கருவி. கடையில் விலைக்குக் கிடைக்காத கருவி. ஆல்பம் முழுக்க இதே வித்தைதான்: பியானோவோடு ஆர்கன், சாக்ஸபோனோடு பேஸ் ஹார்மோனிகா என்று ஒட்டவைத்துக்கொண்டே போகிறார். 'எது என்ன வாத்தியம்?' என்று கேட்பவர் திணற வேண்டும் என்பதுதான் நோக்கம். இடது, வலது என்று பிரித்துவைத்தால் ஒட்டு விட்டுப்போகிறது.

'உட்ன்ட் இட் பி நைஸ்' தொடக்கத்தைக் கவனியுங்கள். பொம்மை இசைப்பெட்டி மாதிரி மினுங்கும் அந்தப் பன்னிரண்டு தந்திக் கருவி ஏ மேஜரில் வாசிக்கிறது. ஸ்னேர் டிரம்மில் ஓர் அடி. மறுகணம் பாட்டு எஃப் மேஜரில் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த அறிவிப்பும் இல்லாமல் ஸ்ருதியே மாறிவிட்டது. அதன்பின் தடதடவென்று அதிர்கிறதே, அது வயலின் கூட்டம் இல்லை. இரண்டு அக்கார்டியன்கள், துருத்தியைக் குலுக்கிக் குலுக்கி வாசிக்கிறார்கள். தெரியாமல் கேட்டால் நிச்சயம் தந்தி வாத்தியம் என்றுதான் சொல்வீர்கள்.

'காட் ஒன்லி நோஸ்' பற்றி எழுதாத ஆளில்லை. நான் பேஸை மட்டும் சொல்கிறேன். பாட்டு ஈ மேஜர் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் சரணம் முழுக்க அந்த ஈ கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) தன் ஆதார ஸ்வரத்தில் கால் ஊன்றவே ஊன்றாது. ஈ கார்டு வரும் இடத்தில் பேஸ் பஞ்சமமான 'பி'யில் நிற்கும். முதல் கார்டிலேயே டி மேஜருக்கு அடியில் 'ஏ'. தரை இருக்கிறது, ஆனால் கால் படவில்லை என்ற அந்தத் தவிப்பு வருவது மெட்டிலிருந்தல்ல, இந்தத் தலைகீழ் பேஸிலிருந்து. சலங்கையும், தொடக்கத்தில் வரும் பிரெஞ்சு ஹார்னும், பிளாஸ்டிக் ஜூஸ் கோப்பைகளில் தட்டும் தாளமும் அதன்மேல்தான் மிதக்கின்றன. நடுவில் வரும் வாத்தியப் பகுதி பதிவின்போது சரியாக அமையாமல் இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் ஸ்வரங்களை நறுக்கு நறுக்கென்று வெட்டி வாசித்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் டான் ராண்டி. இன்று அந்தப் பாட்டில் எல்லாருக்கும் நினைவிருக்கும் இடங்களில் அது ஒன்று.

'ஐ ஜஸ்ட் வாஸன்ட் மேட் ஃபார் தீஸ் டைம்ஸ்' பாட்டில் ஊளையிடும் ஒலியைத் தெரமின் என்ற மின்னணு வாத்தியம் என்று எழுதுகிறார்கள். தவறு. தெரமினில் கை எதையும் தொடாமல் காற்றில் அசையும். இங்கே பால் டானர் வாசிப்பது எலக்ட்ரோ-தெரமின். கையால் ஒரு நகர்த்தியை இழுத்து ஸ்வரத்தை நிறுத்துவது. டானர் அடிப்படையில் டிராம்போன் வித்வான் என்பதால் இழுத்து நிறுத்தும் கணக்கு கையிலேயே இருந்தது.

மோனோ பதிப்பில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'ஹியர் டுடே'யின் நடுவில் வரும் வாத்தியப் பகுதியில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் ஸ்டுடியோவில் யாரோ பேசிக்கொண்டிருப்பது தெளிவாகவே விழும். குரல் தடத்தில் ஏறிய பேச்சு. மிக்ஸ் செய்யும்போது அந்தத் தடத்தை அந்த இடத்தில் மூடாமல் விட்டதால் வந்தது. 1997இல் வெளியான 'பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்' தொகுப்புக்காக இன்ஜினியர் மார்க் லினெட் ஸ்டீரியோ மிக்ஸ் செய்தபோது, வாத்தியங்களின் முதல் டேப்பையும் குரல்களின் டேப்பையும் டிஜிட்டல் முறையில் ஒன்றோடொன்று பொருத்திச் சேர்த்தார். அசாத்தியமான உழைப்பு, மதிக்கிறேன். ஆனால் சில இடங்களில் கடைசிக் குரலை மோனோ மாஸ்டரிலேயே (வெளியீட்டுக்கான இறுதி டேப்பிலேயே) நேரடியாகப் பாடிச் சேர்த்திருந்தார்கள். தடங்களில் இல்லாத குரலை ஸ்டீரியோவில் கொண்டுவர வழியில்லை. அடையாளம் காண ஒரு வழி: 'உட்ன்ட் இட் பி நைஸ்' நடுப்பகுதியைக் குழுவின் இன்னொரு பாடகர் மைக் லவ் பாடினால் நீங்கள் கேட்பது மோனோ, அந்த முதல் ஸ்டீரியோ மிக்ஸில் அங்கே பிரையனின் குரல் இருக்கும். பின்னால் வந்த ஸ்டீரியோ வெளியீடுகளில் இதைச் சரிசெய்தார்கள்.

பழைய எல்பி தேடுபவர்கள் ஒன்றில் உஷாராக இருங்கள். 1966இல் ஆல்பத்தை வெளியிட்ட கேபிடல் நிறுவனம் 'டியோஃபோனிக்' என்ற பெயரில் போலி ஸ்டீரியோவும் வெளியிட்டது. மோனோவையே எடுத்து, ஒரு பக்கம் அடி ஒலிகளையும் மறுபக்கம் உச்ச ஒலிகளையும் தூக்கி, இரண்டுக்கும் நடுவே நூலிழைத் தாமதம் கொடுப்பது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், பேஸ் எங்கோ ஒதுங்கிவிடும். அமெரிக்க அச்சில் 2458 என்ற எண்ணுக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருந்தால் மோனோ, இரண்டு எழுத்து இருந்தால் இந்தப் போலி. உறை எவ்வளவு புதிதாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று: ஃபோன் அமைப்பில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டு ஸ்டீரியோ பதிப்பைக் கேட்டால் போதாதா? போதாது. இரண்டு பக்கத்தையும் கூட்டும்போது நடுவில் வைத்த குரல் ஓங்கிவிடும், ஓரத்தில் வைத்தவை அமுங்கிவிடும். 1966 மிக்ஸ் என்பது வேறு ஒரு முடிவு. முடிந்தால் ஒரே ஒரு ஸ்பீக்கரில் போடுங்கள். ஹெட்போனைவிட நன்றாக ஒட்டும்.

மோனோவில் நாலைந்து முறை ஊறிய பிறகு செஷன்ஸ் தொகுப்புக்குப் போங்கள். அங்கே பிரித்துப் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. 'கரோலின், நோ'வை அப்பா மர்ரி வில்சன் சொன்னதைக் கேட்டு அரை ஸ்வரம் உயரும்படி டேப்பை வேகப்படுத்தி வெளியிட்டார்கள். தொகுப்பில் வேகப்படுத்தாத பதிப்பு இருக்கிறது. அதில் குரல் கனமாக, வயது கூடித் தெரியும். எனக்கு வெளியான பதிப்புதான் சரி, ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். வாத்தியம் நீக்கிய குரல்களும் தனியாக இருக்கின்றன. 'காட் ஒன்லி நோஸ்' முடிவில் சுற்றிச் சுற்றி வரும் குரல்கள் குழுவே சேர்ந்து பாடுவது போலத் தோன்றும். மேலேயும் கீழேயும் பிரையன், நடுவில் குழுவின் புரூஸ் ஜான்ஸ்டன், இரண்டே பேர்.